கழுவாத கைக்கும் ஓட்டு உண்டு

நான் சீக்கிரம் முடிப்பேன் என்ற நம்பிக்கையை இன்னும் இழக்காத தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்த பெரியோர்களே, சாயக் கொப்பரையின் சூடு ஆறுமுன் ஓடிவந்த தாய்மார்களே, என் பேச்சைக் கேட்க அல்ல, என்னைக் கண்காணிக்க வந்திருக்கும் என் இல்லத்தரசியாரே, வணக்கம்.

எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். ஆழ்ந்து கற்கும் ஆசை. சிரிக்காதீர்கள், என் மகள் எதிரே இருக்கிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். ஓட்டுக்கு முந்தைய மாலையில் ஊரெல்லாம் ஓய்ந்திருக்க, வீட்டுக்குள் ஒரு மொழியும் வெளியே ஒரு மொழியும் பேசும் நம் இரண்டு சாயக்காரத் தெரு மட்டும் ஏன் ப்ளீச்சிங் பவுடரும் கல்லுமாய்க் கை தேய்க்கிறது? அது ஓட்டுக்குச் செய்யும் மரியாதை என்றே நானும் நினைத்திருந்தேன்.

போன தேர்தலில் என் மகளுக்கு முதல் ஓட்டு. அன்று அவசர வேலை. கொப்பரையிலிருந்து நேரே சாவடிக்குப் போனாள். அதிகாரி விரலைப் பார்த்தார்.

“மை இருக்கே, ஏற்கெனவே போட்டாச்சு. போம்மா.”

“சார், இது சாயம். பத்து விரல்லயும் இருக்கு பாருங்க.”

“அப்போ பத்து ஓட்டு போட்டியா?”

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஓட்டுப் போடாமலே திரும்பினாள்.

நான் என்ன சொன்னேன்? “தேய்ச்சிட்டுப் போயிருக்கலாமேம்மா.”

அவள் கேட்டாள்: “மாவு மில்லுக்காரங்க வெள்ளைக் கையோட போறாங்க. அவங்கள யாரும் கழுவிட்டு வரச் சொல்லலையே. நாம கொஞ்சம் பேருங்கறதாலயாப்பா?”

கேள்வி குடைந்தது. தேர்தல் அலுவலகத்துக்கே போனேன். அங்கே ஓர் அம்மையார்.

“விரலைப் பார்த்துச் சந்தேகம் வந்தா என்னம்மா செய்யணும்?”

“பட்டியல்ல பேரைப் பார்க்கணும். ஓட்டுப் போட்டதா குறிப்பு இல்லைன்னா விட்டுடணும். அதுதாங்க விதி. சாவடிக்கும் சொல்லிடறேன். இத்தனை வருஷமா நீங்க யாரும் கேக்கலையா?”

“தேய்ச்சிட்டு இருந்தோம்மா.”

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார்: “அப்போ மையை எங்க வைப்பாங்க?” அருமையான கேள்வி. நானும் அந்த அம்மையாரிடம் கேட்டேன். “இடம் கண்டுபிடிக்கறது எங்க வேலை, வர்றது உங்க வேலை” என்றார்.

இது கறையா? கடைவீதியின் கண்ணைப் பறிக்கும் துணிக்கெல்லாம் கொடுத்ததுபோக மிச்சம் ஒட்டிய நிறம். சட்டை வேண்டும், சாயமிட்ட கை வேண்டாமா? எண்ணிக்கை குறைந்தால் உரிமையும் குறையுமா? இரண்டு தெருவின் ஓட்டு என்ன, அரை ஓட்டா?

ஆகவே, வரும் ஞாயிறு ஓட்டுக்கு முந்தைய மாலையில் தேய்க்காதீர்கள். சிவப்போ, நீலமோ, வேலை கொடுத்த நிறத்தோடு வாருங்கள். “மை இருக்கே” என்றால், “பேரைப் பாருங்க” என்று பணிவாய்ச் சொல்லுங்கள். பார்க்கும்வரை நகராதீர்கள். வரிசையில் முதலில் என் மகள் நிற்பாள், கடைசியில் நான். ஏன் கடைசியில்? யாராவது திரும்பி வந்தால் மறித்து நிறுத்தத்தான். முதல் ஆளாக நானே திரும்பி, என் மனைவி என்னை மறிக்கும்படி ஆகாமல் இருக்க வேண்டும்.

பொறுமை காத்த உங்களுக்கும், கடிகாரத்தைக் காட்டாத தலைவருக்கும் நன்றி. கை கூப்புகிறேன், பாருங்கள்: இடது கை பச்சை, வலது கை நீலம். கழுவவில்லை. வணக்கம்.