குப்பைக்குப் போகாத சோற்றைக் கணக்கில் சேர்க்க மறுத்த நெடுஞ்செழியனார்க்கு

பந்தி முடிந்த பாத்திரங்களின் நடுவே பதினாறு ஆண்டுகள் தராசு பிடித்த பண்பாளரே! அளக்காமல் ஒரு சொல்லையும் அறிக்கையில் ஏற்றாத அன்பரே! மயிலாப்பூர் பகிருணவு மன்றத்தின் மாண்புமிகு மதிப்பீட்டாளரே! வணக்கம்.

அவையோர் அறியும்படி, தங்கள் கதையைத் தங்கள் முன்னிலையிலேயே சொல்ல இசைவு தாருங்கள்.

தியாகராய நகர்க் கல்யாண மண்டபங்களில் மீந்த உணவை வேனில் ஏற்றி, அடையாற்றங்கரைக் குடியிருப்புகளில் பரிமாறுவது நம் மன்றம். அவ்வுணவு பெருங்குடிக் குப்பைமேட்டில் அழுகியிருந்தால் எவ்வளவு வாயு கிளம்பிக் காற்றைச் சூடாக்கியிருக்கும் என்று கணித்து, அதையே நாம் மிச்சப்படுத்திய கார்பன் என ஆண்டுதோறும் எழுதுவது நெடுஞ்செழியனார் பணி. 2023இல் அந்த எண் நூறு டன்னைத் தொட்டது. பேனர் கட்டினோம். பசுமை விருது ஒன்றுக்கு விண்ணப்பமும் எழுதினோம்.

விண்ணப்பம் போவதற்கு முந்தைய வாரம், மண்டபமொன்றில் பாத்திரம் தேய்க்கும் முத்தம்மாவிடம் அவர் கேட்டார்: "நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்தச் சோறெல்லாம் எந்தக் குப்பையில போச்சும்மா?"

"குப்பையா? நல்லா கேட்ட போ சார்! நாங்க இருபது பேரு தூக்குல அள்ளிக்கினு வூட்டுக்குப் போவோம். இப்ப நீ வேன்ல ஏத்திக்கினு போயிடற. எங்க புள்ளைங்க துன்ன சோத்தை நீ காப்பாத்துனேன்னு எழுதிக்கினு கீறியா?"

அவ்வாரமே பதினான்கு மண்டபங்கள் ஏறி இறங்கி, தேய்ப்பவர் எல்லாரிடமும் அதையே கேட்டார். நூறு டன் முப்பத்தெட்டாயிற்று.

"இன்னா சார், ஊரு பூரா பேனர் கட்டினப்புறம் டன்னை இப்டி இளைக்க வெச்சுட்டியே!" என்றார் ஓட்டுநர் டில்லிபாபு. "இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுடுங்களேன் சார்" என்று கெஞ்சினார் மேலாளர் ஜெயஸ்ரீ.

"குப்பைக்கே போகாத சோத்தை, போகாம தடுத்தோம்னு எப்படிம்மா எழுதறது?"

விருது வேறொருவர்க்குப் போயிற்று.

பின் நடந்ததை மறைத்து இம்மடலை எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் அவரோடு சண்டையிடவில்லை, பேசாதிருந்தோம். இரண்டு ஆண்டுகள் மதிய உணவை அவர் தராசு அறையில் தனியே உண்டார். படியில் காலடி கேட்டால், கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்து பார்ப்பார். காலடி தண்ணீர்க் கேன் வரை வந்து திரும்பிவிடும். திரும்பியவை எங்கள் கால்கள். ஒருநாள் வீட்டிலிருந்து ஊறுகாயைப் பெரிய டப்பாவில் கொண்டுவந்திருந்தார், பத்துப் பேருக்குக் காணும். மாலையில் அதைத் திறவாமலே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்நாள்களிலும் பணி குன்றவில்லை. தேய்ப்பவர்களின் தூக்குகள் நிறைந்த பின்னரே நம் வேனின் கதவு திறக்க வேண்டும் என்னும் விதி அப்போது அவர் வகுத்தது.

பெருந்தகையீர்! இவ்வாண்டறிக்கையில் தங்கள் எண்ணை ஒரு டன்னும் கூட்டாமல் இட்டிருக்கிறோம். பழைய அறிக்கைகளையும் தாங்கள் காட்டிய வழியில் திருத்தி அனுப்பிவிட்டோம். நோயற்ற உடலும், சாப்பிடும் வேளையில் பேச்சுத்துணையும் பெற்று நெடுங்காலம் வாழ வேண்டுகிறோம். இன்று தங்களோடு ஒரே பந்தியில் அமரப் போகிறோம். இந்த ஒரு வேளையைக் காட்டி, அந்த இரண்டு ஆண்டுகளை மீட்டுவிட்டதாக எழுத மாட்டோம். அவை போனவை. போக்கியவர்கள் நாங்கள்.

தலை தாழ்ந்த அன்புடன்,
ஜெயஸ்ரீ, டில்லிபாபு மற்றும் பணியாளர்கள்,
பகிருணவு மன்றம், மயிலாப்பூர்.