கயிறு ஃபூட்

மேடம், அந்த டப்பாவில் பதினோரு ஃபூட் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கலாம், ஆனால் கலந்து போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி இருக்கிறது.

உங்களுக்குத் தைக்கத் தெரியாது என்றீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். மெஷினில் ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கிற சின்ன இரும்புப் பாதத்தைத்தான் ஃபூட் என்கிறோம். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தைக்கிற பாதிப் பேர் மெஷினோடு வந்த ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. ஜிப்புக்கு ஒற்றைக் கால் ஃபூட் வேண்டும். அப்போதுதான் தையல் பல்லை ஒட்டிப் போகும். தடித்த பட்டைகளை அடுக்கித் தைக்க நடக்கிற ஃபூட். துணியை நகர்த்துகிற பல் மெஷினில் கீழே இருக்கும், இதற்கு மேலேயும் உண்டு. இரண்டு பட்டையும் ஒரே வேகத்தில் நகரும், தையல் இறுகும்.

உங்கள் கையில் இருப்பது கயிறு ஃபூட். நடுவில் ஓட்டை தெரிகிறதா? அதன் வழியாகத் தடித்த கயிறு வரும். மெல்லிய நூல் அதன்மேல் மாறி மாறி விழுந்து துணியோடு பிடித்துவைக்கும். ஒரே நிறமாக இருந்தால் நூல் கயிற்றின் முறுக்குக்குள் மறைந்துவிடும். பார்ப்பவர்கள் கயிற்றாலேயே தைத்ததாக நினைப்பார்கள். அலங்கார வேலைக்கானது.

என் வீட்டுக்காரர் பெயர் சங்கிலி. கல் குவாரியில் கயிற்றில் தொங்கித் துளை போடுகிறவர். போன வருடம் சித்திரையில் விழுந்து இறந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிப் பொட்டலத்தில் கயிற்றோடு மாட்டித் தொங்குகிற அவருடைய இடுப்பு பெல்ட் பாதி இருந்தது. பட்டை அறுந்திருக்கவில்லை. தையல் பிரிந்திருந்தது. நூலை விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. அந்த பெல்ட்டைக் கொடுத்த மேஸ்திரி அழகுபாண்டி, “குடு தங்கச்சி, ஆபீஸ்ல காட்டணும்” என்று வாங்கிக்கொண்டு போனார். பிறகு கேட்டால், அப்படி எதையும் வாங்கவே இல்லை என்றார். பிணவறை வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி இதையும் சொன்னார்.

“நா அம்புட்டுச் சொன்னேன், குடிச்சிட்டு எறங்காதடான்னு. கேட்டாத்தான?”

சங்கிலி அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் மேஸ்திரி சொன்னதை ஊர் நம்பியது. சத்தியத்தை மீறினான், கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். கருமாதிக்குச் சொந்தத்தில் பாதிப் பேர் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் மகள் திவ்யா பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை மறுத்தது. வந்த சிலரில் கண்ணுச்சாமி ஒருவர். குவாரியில் சங்கிலியோடு சேர்ந்து கயிற்றில் தொங்கியவர். பந்தியில் இலை எடுத்தவர் அவர்தான்.

அந்தக் குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. புது சாமான்களை ஆயுத பூசைக்குச் சாமி முன்னால் வைத்து, மறுநாள் மேஸ்திரிதான் முதலில் கட்டி இறங்குவார். பூசைக்குப் பத்து நாள் முன்பு நானே அழகுபாண்டியிடம் போனேன்.

“அண்ணே, புது பெல்ட்டு நான் தச்சுத் தாரேன்.”

“நாலு வேணும். எல்லாத்துக்கும் என் அளவையே எடுத்துக்க, பக்கிள் இருக்குல்ல. வயித்தப் பாத்துச் சிரிக்காத தங்கச்சி, டேப்பு எட்டுமா?”

எட்டியது. நாற்பத்திரண்டு.

நடக்கிற ஃபூட்டைக் குழியிலேயே வைத்துவிட்டு, கயிறு ஃபூட்டை மாட்டினேன். மூன்று வரிசை தடித்த கயிறு. பிடித்துவைத்தது ஜாக்கெட் தைக்கிற நூல். கையால் இழுத்தால் தாங்கும். ஆள் தொங்கினால் தாங்காது. நான்கில் எதை அவர் எடுப்பார் என்று தெரியாததால் நான்கையும் அப்படியே தைத்தேன்.

அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். “யானையவே கட்டலாம் போலயே” என்றார்.

பூசையன்று சாயங்காலம் போன் வந்தது.

“தங்கச்சி, எங்க பங்காளி வீட்ல பெருசு ஒண்ணு போயிருச்சு. தீட்டு. நாளைக்கு நா எறங்கக் கூடாது, கண்ணுச்சாமிய எறக்குறேன். ஒன் தையலு, பயமில்லல்ல?”

“பயமில்லண்ணே” என்றேன்.

வேறு என்ன சொல்வது? ஒரு வார்த்தை சொன்னால் நான்கையும் பிரித்துப் பார்ப்பார்கள். அப்புறம் அவர் இறங்கவே மாட்டார்.

மறுநாள் கண்ணுச்சாமி விழுந்து செத்ததும் அழகுபாண்டி பழையபடியே ஆரம்பித்தார், குடித்திருந்தான் என்று. இரண்டாவது ஆள் அல்லவா, இந்த முறை யாரும் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். “கருப்பு மேல சத்தியமா பெல்ட்டு நல்லாருந்துச்சு, நானே இழுத்துப் பாத்தேன்” என்று அழுதார். அவர் இழுத்துப் பார்த்தது உண்மை. ஒருவரும் நம்பவில்லை. நானும் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன். சங்கிலி செத்த பிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது.

உங்கள் ஸ்டேஷனில் மீதி மூன்று பெல்ட்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் தையல் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

கண்ணுச்சாமியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மேடம். அளவு கொடுத்தவர் ஒருவர், போட்டுக்கொண்டவர் இன்னொருவர் என்றால், தைத்தவள் என்ன செய்ய முடியும்?