ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த மைக் அக்காவுக்கு

அதெல்லாம் முடியாது அக்கா, எழுந்து போகக் கூடாது. பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்காருங்கள். "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் இந்தப் பிரியாவிடை மடலுக்குக் கண்ணாடிச் சட்டமும் போடச் சொல்லிவிட்டு வந்தோம்.

ஓடுபாதையின் ஓயாத குரலே! ஒலிபெருக்கிக்கு உயிர் கொடுத்த உத்தமியே! இடியென முழங்கும் இயந்திரங்களையே இடைமறித்துப் பேசிய இணையில்லாத் தொண்டையே! எங்கள் வான்சாகசக் குழுவின் மைக் அக்காவே, வணக்கம்!

உங்கள் கதையை உங்களிடமே சொன்னால் பாதியில் திருத்துவீர்கள். அதனால் சபையைப் பார்த்துச் சொல்கிறோம்.

சபையோரே! விமானப்படையின் இந்தக் குழு நான்கு பழைய பயிற்சி விமானங்களோடு தொடங்கியபோது மைக் கிடையாது. எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல், விமானம் போன பிறகு அதன் சத்தத்துக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள் ஜனங்கள். நான்கு விமானம் ஒன்பதான வருடம், சிக்னல் பிரிவிலிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றார்கள். அந்த இரண்டு வார்த்தை, அவர் பணி ஓய்வு பெறும் இன்றைக்குத்தான் முடிகிறது.

அக்காவின் வேலையில் ஒரு பொய் உண்டு. நிகழ்ச்சிக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. கூட்டம் ஓடுபாதையைப் பார்த்திருக்கும்போது, தனி விமானம் ஒன்று முதுகுப் பக்கமாக வந்து தலைக்கு மேல் சீறிப் பாயும். அதற்காக, "முன்னாடி பாருங்க, வருது வருது!" என்று அக்கா தேனொழுகச் சொல்வார். மற்ற நேரமெல்லாம் அவர் சொன்னால் வேதவாக்கு.

பிறகு விமானங்கள் கிழடு தட்டின. குழுவைக் கலைத்தார்கள். விமானிகள் திசைக்கொருவராய்ப் போக, அக்கா பாராசூட் மடிக்கும் கூடத்துக்குப் போனார். அங்கேயும் வாய் சும்மா இருந்ததா? "இதோ இடது மூலை மடிகிறது, அதோ வலது மூலை வருகிறது!" என்று நேர்முக வர்ணனை. அந்தக் கூடத்தார் இன்றும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மடிக்கிறார்கள்.

பல வருடம் கழித்துப் புது விமானங்கள் வந்தன. ஐந்தே ஐந்து. குழுவை மறுபடி நடத்துவதா, ஐந்தையும் பயிற்சிப் பள்ளிக்கே கொடுத்துவிடுவதா என்று மேலிடத்தில் இழுபறி. "ஒரே ஒரு தடவை பறந்து காட்டுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் படையின் பெரியவர். பாராசூட் கூடத்திலிருந்து அக்காவைக் கூட்டிவந்து மறுபடி மைக்கை நீட்டினோம்.

அந்த நாள் பார்த்து மேகம் கூரை போல் இறங்கிக்கொண்டது. குட்டிக்கரணம் போட உயரமில்லை. தாழ்வாகப் போவதும் வருவதும்தான். நாங்கள் அதைப் படுக்கை ஆட்டம் என்போம். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவும் தடை, அதனால் முதுகுப் பக்கமாக வரும் தனி விமானமும் கிடையாது. வானிலிருந்து கேப்டன் ரேடியோவில் புலம்பினார்.

"அக்கா, மேகம் தலையில இடிக்குது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வர நேரமாகும். அதுக்குள்ள கூட்டம் கிளம்பிடப் போகுது."

"நீ பத்திரமாத் திரும்பி வா தம்பி. கூட்டம் என் பாடு."

சொல்லிவிட்டு அக்கா குனிந்து பார்த்தார். கையிலிருந்த பேச்சுத்தாள் முழுக்கக் குட்டிக்கரணம். ஒரு வரிகூட உதவாது. பின்வரிசையில் குடைகள் வாசலை நோக்கி நகர்ந்தன. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா தாளை மடித்துத் தூரப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் முன்னாடி பாருங்க! முன்னாடியிருந்துதான் வர்றாங்க!"

பழைய ரசிகர் ஒருவர், கறிக்கடைக்காரர், எழுந்து நின்று கத்தினார். "அக்கா பழைய வேலையைக் காட்டுறாங்கப்பா! நம்பாதீங்க, பின்னாடி திரும்புங்க!"

"ஐயா, சத்தியமா முன்னாடிதான்!"

"அன்னைக்கும் சத்தியம்தானே பண்ணீங்க!"

மைதானமே சிரித்துக்கொண்டு திரும்பியது. கிளம்பிய குடைகளும் நின்று திரும்பின. பெரியவரே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. விடாமல் கெஞ்ச ஆரம்பித்தார். "சொன்னாக் கேளுங்க! அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது!" கெஞ்சக் கெஞ்ச ஒருவரும் அசையவில்லை.

அத்தனை முதுகுகளையும் பார்த்தபடி, மேகத்துக்கு அடியில், இறக்கையோடு இறக்கை ஒட்டினாற்போல், வண்ணப்புகை கக்கிக்கொண்டு ஐந்து விமானங்களும் முன்னால் ஓடுபாதை மேலேயே வந்து முழங்கின! கூட்டம் துள்ளிய துள்ளலில் பெரியவரின் தொப்பி ஒரு பக்கம், தேநீர் ஒரு பக்கம். அடுத்த நொடி அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் யார் கிளம்புவார்? விமானங்கள் திரும்பி வரும் ஒவ்வொரு இடைவெளியிலும், "இப்ப எந்தப் பக்கம்? அக்கா சொல்றது நிஜமா?" என்று மைதானமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது!

தரையிறங்கிய கேப்டனிடம் பெரியவர் சொன்னார்: "குழு இருக்கும்பா. மீதி நாலு விமானத்துக்கும் எழுதிடறேன். அந்த அம்மாவை மட்டும் இனிமே பாராசூட் பக்கம் விட்டுடாதீங்க."

அக்கா, இனி உங்களைப் பார்த்தே சொல்கிறோம். பொய் சொல்லி ஊரை ஏமாற்றியவர்கள் ஆயிரம் பேர். உண்மையைச் சொல்லியே ஏமாற்றிய உலக அதிசயம் நீங்கள் ஒருவரே! இன்று ஒன்பது விமானமும் வெளியே வரிசையாக நிற்கின்றன என்றால் அது உங்கள் வாய் போட்ட வரிசை! தொண்டை கட்டாமல், முட்டி நோகாமல், மாமாவின் காதுக்கு மட்டும் ஓய்வே கொடுக்காமல், நூறாண்டு வாழுங்கள்!

என்றும் உங்கள் குரலுக்குக் கட்டுப்பட்ட,
விமானிகள், மெக்கானிக்குகள், புகை எண்ணெய் ஊற்றுகிறவர்கள், பாராசூட் கூடத்தார்.

கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னும் ஒன்றே ஒன்று. "ஒரு சுற்று வாங்க அக்கா" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்போம்! "அப்ப மைக்கை யார் பிடிப்பா?" என்று தட்டிக் கழித்தீர்கள். இனி மைக்கை நாங்கள் பிடிக்கிறோம். சனிக்கிழமை நிகழ்ச்சியில் கேப்டனின் பின்னிருக்கை உங்களுக்கு. மருத்துவர் தலையாட்டிவிட்டார், மாமாவும் சரியென்றுவிட்டார், உங்கள் அளவுக்குப் பறக்கும் உடுப்பும் தைத்து வந்துவிட்டது. முதல் குட்டிக்கரணத்தில் தலைகீழாகத் தொங்கியபடி ரேடியோவில் நீங்கள் பேசினால், கீழே கூட்டம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! வர்றீங்கதானே அக்கா? என்ன சொல்றீங்க?