ஐந்து குடைகளும் சிவப்பு வட்டமும்

— இன்னாமா, காலங்காத்தால குடைக்காலத் தடவிகினு கீறே? கம்மல் கிம்மல் தொலஞ்சிபோச்சா?

— நேத்து சாயங்காலம் இந்த அஞ்சு கான்கிரீட் குடையிலயும் நான் சிவப்பு வட்டம் போட்டேன். இப்போ ஒண்ணுகூட இல்ல. பூங்கா தோட்டக்காரர் வேம்புலி நீங்கதானே?

— பேரெல்லாம் விசாரிச்சிகினுதான் வந்துகீறே. மழையில போயிருக்கும், போ.

— எனாமல் பெயிண்ட் மழையில போகாது. மழையும் பெய்யல. உங்ககிட்ட மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது.

— ஸ்டவ் பத்த வெச்சேன். இன்னா, மோப்பம் புடிக்கிற வேலையா உனக்கு?

— கையை நீட்டுங்க. நகத்துக்குள்ள சிவப்பு எப்படி வந்தது?

— மருதாணி.

— விளையாடாதீங்க! பத்து மணிக்கு லாரி வருது. யார் சொல்லி அழிச்சீங்க? இங்க கடை கட்டப் போற காண்ட்ராக்டரோட ஆளா நீங்க?

— தோ பாரு, வாய அடக்கிப் பேசு. இந்தக் குடையப் பத்தி இன்னா தெரியும் உனக்கு? காத்துல திருப்பிக்கின மாதிரி மல்லாந்து நிக்குது பாரு. மழத்தண்ணி நடுவுல எறங்கி, காலுக்குள்ளயே பூந்து, கொளத்துல போய் வுழும். அந்த ஓட்டையில எல அடைச்சிகினா தண்ணி நின்னு, பாரம் தாங்காம வெடிச்சிடும். வருசா வருசம் ஏணி போட்டு ஏறி, குச்சி வுட்டுக் குத்தி வுடறவன் நானு. நான் இத்த இடிக்க வுடுவனா?

— அப்புறம் எதுக்கு வட்டத்தை அழிச்சீங்க?

— இடிக்க வந்தவளே நீதான், அதான் அழிச்சேன்!

— நானா?

— செவப்பு வட்டம்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? முத்தாபுதுப்பேட்டையில ரோடு அகலம் பண்றப்ப எங்க ஊட்டுச் செவுத்துல போட்டாங்க. எட்டாம் நாள் ஊடு இல்ல. எம் பொஞ்சாதி கெங்கம்மா சட்டி பானையோட தெருவுல நின்னா. நீ டேப்பும் கேமராவுமா வந்து அளந்து, வட்டம் போட்டுட்டுப் போவே. நான் பாத்துகினு கெடக்கணுமா?

— ஐயோ, இங்க அது நேர்மாறு! என் பேரு தாட்சாயிணி. கட்டடக்கலை காலேஜ்ல பாடம் எடுக்கிறேன். பம்பு கம்பெனி காலனிக்காக அறுபத்திமூணுல போட்ட பூங்கா இது. குடை, குளம், அந்தப் புல்மேடு மூணையும் ஒருத்தர் ஒரே படமா வரைஞ்சிருக்காரு. எட்டு மாசம் ஆபீஸ் படி ஏறி உத்தரவு வாங்கினேன். பாருங்க, 'சிவப்பு வட்டமிட்டதைத் தொடக்கூடாது. மற்றவற்றை இடிக்கலாம்.'

— சும்மா சீட்டக் காட்டாத. ஊட்ட இடிக்க வந்தவன்கூட ஒரு சீட்டத்தான் படிச்சிக் காட்னான்.

— என்னை நம்ப வேண்டாம். படிக்கத் தெரிஞ்ச வேற யார்கிட்டயாவது குடுங்க.

— குடு இங்க. ஏ சுசீலா! பெட்டிக்கடைய அப்டியே போட்டுட்டு வா, இத்தப் படி.

— எங்க? ம்... 'தொடக்கூடாது'ன்னுதான் அண்ணாத்தே போட்டுகீது. வட்டம் இருந்தா தொடக்கூடாதாம்.

— அப்ப வட்டம் இல்லாததெல்லாம்?

— இடிச்சிடுவாங்களாம்.

— அடப்பாவி... எங் கையாலயே... யம்மா, பெயிண்ட் மிச்சம் கீதா?

— அரை டப்பா இருக்கு. பிரஷ்ஷைப் புடிங்க, குளத்துப் பக்கம் இருக்கிற ரெண்டையும் நீங்க போடுங்க. ஆனா ஈரத்தைப் பார்த்தா, இப்பதானே போட்டீங்கன்னு காண்ட்ராக்டர் வம்பு பண்ணுவான். சுசீலா, உங்க கடையில ஒரு ரூபா போன் இருக்கில்ல? உத்தரவுல கையெழுத்துப் போட்ட அதிகாரிகிட்டயே சொல்லி லாரியை நிறுத்திடறேன். பரந்தாமன் சார் ரொம்ப நல்ல மனுஷர்.

— எந்தப் பரந்தாமன்? பச்ச ஸ்கூட்டரு, புருவத்துமேல மருவு?

— அவரேதான். உங்களுக்குத் தெரியுமா?

— அவருக்குப் போன் பண்ணாதமா. 'அந்தப் பொண்ணு இடிக்கறதுக்குக் குறி போட்டுட்டுப் போயிருக்கு, ஓடிப் போய் அழிச்சிடு வேம்புலி'ன்னு வெடிகாலையில கதவத் தட்டி என்ன எழுப்பினதே அவருதான்.