பூச்சு வெடிப்பு

கோர்ட்டில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும், இன்ஸ்பெக்டர் சார். வக்கீலுக்கு இது நல்ல குணம் இல்லை. ஒருமுறை முன்சீப் கோர்ட்டில் என் கேஸைக் கூப்பிட்டபோது எதிர்தரப்பு வக்கீல்தான் தோளைத் தட்டி எழுப்பினார். எழுந்தவன் அவருடைய கட்சிக்காரருக்காகவே வாதாட ஆரம்பித்துவிட்டேன் என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவ்வளவு மோசமில்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே சுதாரித்துக்கொண்டேன்.

அதனால் தொண்ணூற்றாறில் புது மத்தியஸ்தச் சட்டம் வந்தபோது, அது எனக்காகவே வந்ததாக நினைத்தேன். ஊரில் கட்டட கான்டிராக்டர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது நான்தான். கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்த்தேன்: தகராறு வந்தால் வக்கீல் ராமகிருஷ்ணன் ஒருவரே நடுவர், அவர் சொல்வதே முடிவு. விசாரணை என் வீட்டு முன்னறையில். கருப்புக் கோட்டு வேண்டாம், வேட்டி போதும். என் மனைவி ராணியம்மாள் இரு தரப்புக்கும் காபி கொடுப்பாள். எதிரில் இரண்டு பேர் "ஐயா" என்று சொன்னால் போதும், நானே ஒரு ஹைகோர்ட் என்று எனக்குத் தோன்றிவிடும். மத்தியஸ்தத்தில் நான் ஒருநாளும் தூங்கியதில்லை.

பச்சையம்மாளை உங்களுக்குத் தெரியும். அடி அண்ணாமலைக்காரர். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருந்த நிலத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட மாடி வீடு கட்டினார். கட்டியது இளவரசன். வேலை முடிந்ததும், மலையைப் பார்த்திருக்கும் பால்கனிக்கு அடியில் விரிசல் தெரிந்தது. பச்சையம்மாள் சாவியை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய மகள் அன்புச்செல்வி, பள்ளிக்கூட டீச்சர், கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றாள்.

"கோர்ட்டுல போட்டா அவங்க அனுப்புற கமிஷனர் வருவாருங்க. இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து தட்டிப் பார்ப்பாரு."

"வருவாரும்மா. உன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகறப்ப வருவாரு," என்றேன். அந்தப் பதிலில் எனக்கே ஒரு பெருமை.

அவள் சிரிக்கவில்லை. "கீழ்க்கோர்ட்டு தப்பா சொன்னா மேல்கோர்ட்டு இருக்குதுங்க. நீங்க தப்பா சொல்லிட்டா நாங்க எங்க போறது?"

நல்ல கேள்வி. "ஐயா மேல நம்பிக்கை இல்லையா?" என்று இளவரசன் குறுக்கே கேட்டான். பச்சையம்மாள் மகளை அடக்கிவிட்டு, "ஐயா வந்து பாக்கட்டும். அவரு சொன்னா சரிதான்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பச்சையம்மாள் டீ வாங்கிவரப் போயிருந்தார். பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் என் ஸ்கூட்டர் சாவியை விட்டேன். பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. இழுத்தபோது மணல் கொட்டியது.

"பூச்சு வெடிப்பு சார். கம்பி ஜாஸ்தியாவே போட்டிருக்கேன்," என்றான் இளவரசன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இடிக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இளவரசன் அடுத்த ஒப்பந்தத்தில் வேறு வக்கீலின் பெயரைப் போடுவான். மற்ற கான்டிராக்டர்களும் போடுவார்கள். நான் மறுபடி கோர்ட் பெஞ்சுக்குப் போய்த் தூங்க வேண்டும். இதையெல்லாம் அங்கே நின்று யோசித்தேன் என்று சொன்னால் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைப்பீர்கள். யோசிக்கவே இல்லை. சாவியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "பூச்சு வெடிப்புதான்" என்றேன். டீயோடு வந்த பச்சையம்மாள் என்னைக் கும்பிட்டுவிட்டு வீட்டுச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். வாரத்துக்குள் தீர்ப்பு எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டில் இந்த வேகம் வருமா, சொல்லுங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் பச்சையம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மாடியிலேர்ந்து தீபம் நல்லா தெரியும். அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. மேலே ஏற பயமா இருக்குதுன்னு அன்பு சொல்லிச்சி. ஐயாவே பார்த்துச் சொல்லிட்டாரு, ஏறுடின்னு சொல்லிட்டேன்."

ராணியம்மாள் அப்போதே எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டாள். நான், "பார்க்கலாம்மா" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒரு வரி போதும்.

மலையில் தீபம் ஏறியதும் எல்லோரும் ஒரே சமயத்தில் பால்கனிக்கு வந்தார்களாம். பால்கனி சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்துவிட்டது. அன்புச்செல்வி போனாள். வெளியூரிலிருந்து தீபம் பார்க்க வந்து தங்கியிருந்த ஒரு தம்பதியும் போனார்கள். ஆஸ்பத்திரியில் பச்சையம்மாள் என்னைத் திட்டவில்லை. "ஐயா, நீங்க பாத்துதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். விசாரணையில் நடந்ததை நடுவர் வெளியே பேசக் கூடாது என்று அவருக்கு விளக்கினேன். நிதானமாக, சட்டப்பிரிவோடு.

உங்கள் கேள்வி, எனக்கு முன்பே தெரியுமா என்பது. நான் இன்ஜினியர் இல்லை. ஒரு நடுவர் தன் முன் வைக்கப்பட்டதை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். நல்லெண்ணத்தோடு சொன்னேன். இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

தீபத்தன்று சாயங்காலம் ராணியம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எனக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது, நீயும் போக வேண்டாம், தைலம் தேய்த்துவிடு என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தாள். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, சார். மறுநாள் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் வந்தேன்.