மோகனா எந்திரிச்ச பந்தி

இல்ல மச்சான், எந்திரிக்காதீங்க. உக்காருங்க. இலை போட்டு தண்ணி தெளிச்சாச்சு, அப்புறம் எதுக்கு எந்திரிக்கிறீங்க? சோறு வர கொஞ்ச நேரமாவும். அதுக்குள்ள நான் ஒரு விஷயத்தப் பேசி முடிச்சுடுறேன். உங்க மாலதி கல்யாணத்தன்னிக்கு எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அத எட்டு வருஷமா நான் நம்பல. நம்பலன்னும் சொல்ல முடியாது. ஏத்துக்கவும் முடியாம, தள்ளவும் முடியாம உள்ளயே வச்சுக்கிட்டிருந்தேன்.

என்ன சொன்னீங்களா? நல்லா இருக்கே. மோகனாவுக்கு ஏதோ ஃபோன் வந்துச்சு மாப்ள, சாப்புட்டுக்கிட்டு இருந்தவ எந்திரிச்சுப் போயிட்டா, நீ சாப்புடுன்னீங்க. இப்ப ஞாபகம் வருதா? சரி, மெதுவா வரட்டும்.

அய்யய்ய, சண்டையெல்லாம் இல்ல. எம் பொண்ணு மோகனா கல்யாணத்துல அவ தாய்மாமன்கிட்ட நான் சண்டை போடுவனா? இப்பத்தான் மேடையில நீங்க மாலை போட்டீங்க, அவ உங்க கால்ல விழுந்து எந்திரிச்சா. ஊரே பாத்துச்சு. தாலி ஏறுனதும் என்னக் கூப்புட்டு காதுல என்ன சொன்னா தெரியுமா? அப்பா, மாமா சக்கரைக்கு ஊசி போட்டிருப்பாங்க, எல்லாரும் மேடையேறி ஃபோட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் பசி தாங்க மாட்டாங்க, முன்னாடியே கூட்டிட்டுப் போயி சாப்புட வைங்கன்னா. கழுத்துல தாலி ஏறி அஞ்சு நிமிஷம் ஆவல, இவளுக்கு உங்க வயித்து நெனப்பு. அதான் உங்கள மட்டும் கூட்டியாந்து உக்கார வச்சுட்டு கதவச் சாத்துனேன். ஊசி போட்டாச்சுல்ல? எப்ப? சரி சரி, கால் மணி நேரம் ஆயிருக்கும். பொறுங்க.

பசின்னா அவளுக்கு ஒரு பயம் மச்சான். சின்னதுலேருந்தே. எதிர்ல வர்ற ஆள சாப்டீங்களான்னுதான் மொதல்ல கேப்பா, பேரெல்லாம் அப்புறந்தான். கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடக் கொண்டு போற பெட்டியில ஒரு அடுக்கு பூரா பிஸ்கெட்டு, பேரீச்சம்பழம், வாழப்பழம். ஒரு தடவ பழம் நசுங்கி பிரஷ்லயெல்லாம் ஒட்டிக்கிட்டு, அது தெரியாம பொண்ணுக்குக் கன்னத்துல தடவிட்டா. மேடையில அந்தப் பொண்ணச் சுத்தி ஈயா மொய்க்குது. சிரிங்க, பரவால்ல. அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. தெனம் அவளுக்கு ஒண்ணு நடந்துரும். ஸ்கூட்டி சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுட்டு வீட்டத் தலகீழா புரட்டுவா. ஒரு கால்ல கறுப்புச் செருப்பு, ஒரு கால்ல ப்ரவுனு, அப்படியே வேளாங்கண்ணி வரைக்கும் போயிட்டு வந்தா. ஒட்டு இமைய பொண்ணு கண்ணுல ஒட்டுறதுக்குப் பதிலா தன் கட்டவெரல்ல ஒட்டிக்கிட்டு, அந்தக் கையோட அய்யருக்குத் தாம்பாளத்த நீட்டியிருக்கா. அவரு பூரான்னு நெனச்சு தாம்பாளத்தக் கீழ போட்டுட்டாரு.

ஆனா பெட்டியத் தொறந்து உக்காந்துட்டான்னா அவ வேற ஆளு. ஒரு செங்கல் கலர் லிப்ஸ்டிக்கு வச்சிருக்கா, அடிவரைக்கும் தேஞ்சு போச்சு, குச்சியால தோண்டித் தோண்டி எடுத்துப் போடுவா. நம்ம வெயில்ல கறுத்த மொகத்துக்கு இத விட்டா வேற கலரு கெடையாதுப்பான்னுவா. மைன்னா மாயவரம் கடைத்தெருவுல விக்கிற சின்ன டப்பா மைதான். எவ்ளோ ஒசத்தியா வேற குடுத்தாலும் தொட மாட்டா. பொண்ணு நெறத்துக்கு ரெண்டு ஷேடு வெளுப்பா அடிச்சு விடும்மான்னு அம்மாக்காரிங்க கேப்பாங்க. பிரஷ்ஷக் கீழ வச்சுடுவா. அப்ப நீங்களே போட்டுக்கங்கன்னுடுவா. அவ சொல்ற இன்னொண்ணும் இருக்கு. பட்டினி கெடக்குற மூஞ்சில பவுடரு ஒட்டாதாம், திட்டுத் திட்டா நிக்குமாம். அதனால லிப்ஸ்டிக்குக்கு முன்னாடி பொண்ணு வாயில நாலு வாய் இட்லி போயே ஆவணும். தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு ஒண்ணும் சாப்புடக் கூடாதுன்னு நம்ம வீடுகள்ல சொல்றோமே, அதெல்லாம் இவகிட்ட நடக்காது.

உங்க மாலதிக்கும் நடக்கல. உங்களுக்கு இது தெரியாது. உங்க வீட்டு விஜயலட்சுமி அக்கா ரூம் வாசல்ல காவல் மாதிரி நிக்கிது, உள்ள மோகனா கதவுக்கு முதுகக் குடுத்துக்கிட்டு ஸ்பூன்ல பிச்சுப் பிச்சு ஊட்டியிருக்கா. ரெண்டு இட்லி. அதுலதான் மாலதி அந்தப் புகையில மூணு மணி நேரம் உக்காந்துச்சு. உங்க சம்பந்திங்க, பொண்ணு என்னா களையா இருக்குன்னாங்கல்ல? அந்தக் களை ரெண்டு இட்லி.

இவ என்ன சாப்புட்டான்னு கேளுங்க. மொத நா மத்தியானம் சாப்புட்டதுதான். விடியக்காலம் நாலரை மணிக்கு குத்தாலத்துலேருந்து ஸ்கூட்டியில கெளம்புனா. தை மாசம். சம்பா அறுத்து ரோட்டுல காயப் போட்டு, ராத்திரிக்குக் குமிச்சு, தார்ப்பாய் மூடி, சுத்தி கல்லு வச்சிருந்தானுவ. கல்லு மேல ஏத்திட்டா. முட்டி தோல் உரிஞ்சு, சுடிதாரு கிழிஞ்சு, பெட்டி தொறந்து பவுடரெல்லாம் மேல கொட்டிருச்சு. கல்யாணத்துக்குக் கட்டிக்கன்னு கொண்டாந்த பட்டுப்புடவ மேல ஃபவுண்டேஷன் பாட்டிலு ஒடைஞ்சு ஊத்திருச்சு. அப்படியே வந்தா. நான் பின்னாடி பைக்குல வந்தவன், வீட்டுக்குத் திரும்பிப் போலாம்மான்னேன். மாலதி காத்துக்கிட்டு இருக்கும்பா, அது ராத்திரியும் சாப்புட்டிருக்காதுன்னா.

ஏழு பேரு. மாலதி, அது நாத்தனாருங்க, உங்க சம்பந்தியம்மா, எல்லாருக்கும் இவதான். சம்பந்தியம்மாவுக்குப் புருவத்த எழுதிவிட்டது யாருங்குறீங்க? எல்லாம் முடிஞ்சு தாலி ஏறுனதும் அடுத்த முக்கா மணி நேரத்துல மாலதிக்குப் புடவ மாத்தணும், தலை அலங்காரம் மாத்தணும். அதுக்குள்ள ரெண்டு வாய் தின்னுட்டு ஓடிறலாம்னு வந்து மொதப் பந்தியில உக்காந்துட்டா.

மொதப் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? தெரியும் மச்சான். தப்புத்தான். தாய்மாமன் வீட்டுக் கல்யாணம், நம்மள யாரு கேக்கப் போறான்னு நெனச்சிருக்கா. அதான் அவ செஞ்ச தப்பு.

நானும் அந்தப் பந்தியிலதான் இருந்தேன். சிங்கப்பூர்லேருந்து வந்த உங்க சம்பந்தியோட தம்பிக்குத் தொணையா என்ன உக்கார வச்சீங்க. மோகனா எதிர் வரிசையில நாலு இலை தள்ளி. சோறு வந்துச்சு, சாம்பாரு வந்துச்சு. அப்புறம் பாத்தா அவ இல்ல. அவ எடத்துல புது இலை, சரிகை வேட்டி கட்டுன ஒருத்தரு. மோகனா எங்க மச்சான்னு கேட்டேன். ஃபோன் வந்துச்சு மாப்ளன்னீங்க.

சாயங்காலம் அவகிட்ட கேட்டேன், சாப்டியாம்மான்னு. சாப்டேன்பா, பாயசம் நல்லா இருந்துச்சுன்னா. அன்னிக்குப் பாயசம் தீஞ்சு போயிருந்துச்சு மச்சான். தின்ன எவனும் நல்லா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டான்.

அதுக்கப்புறம் எட்டு வருஷம். மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூருன்னு எத்தன கல்யாணத்துக்குப் போயிருப்பா! ஒரு பந்தியில உக்காந்ததில்ல. டிபன் டப்பாவுல எலுமிச்சஞ்சோறு கட்டிக்கிட்டுப் போயி, மண்டபத்துக்கு வெளிய ஸ்கூட்டி மேல உக்காந்து சாப்புடுவா. வெயிலு, மழை, எதுன்னாலும். ஏம்மான்னு உங்க தங்கச்சி கேட்டா, கல்யாணச் சாப்பாடு எண்ணெ ஜாஸ்திம்மான்னுவா. ஒரு நா நான் கமலவல்லிகிட்டயே வாய விட்டுக் கேட்டேன், உங்க அண்ணன் எதாவது சொல்லியிருப்பாரோன்னு. எங்க அண்ணன் அப்படியெல்லாம் செய்யாதுன்னு தட்டக் கழுவப் போயிடுச்சு. அன்னிக்கு அந்தத் தட்ட ரொம்ப நேரம் கழுவுச்சு.

ஏன் அப்பவே எங்கிட்ட வந்து கேக்கலங்குறீங்களா? கரெக்டு. நானும் என்னக் கேட்டிருக்கேன். தண்ணி மச்சான். வாய்க்கா உங்க வயலத் தாண்டித்தான் எங்க வயலுக்கு வரணும். மடை உங்க கையில. நீங்க ரெண்டு கூட மண்ணு வெட்டிப் போட்டா என் குறுவ காஞ்சுரும். அந்த வருஷம் தண்ணி லேட்டு, உங்க வரப்புல வந்து நின்னு, மச்சான் கொஞ்சம் தொறந்து விடுங்கன்னு சிரிச்சேனே. அந்தச் சிரிப்ப வீட்டுக்கு வந்து கண்ணாடியில பாத்தேன். போன சித்திரையில போர் போட்டாச்சு. நூத்தம்பது அடியில நல்ல தண்ணி. இனிமே உங்க மடையில எனக்கு வேலை இல்ல. அதனாலதான் இன்னிக்கு வாய் வருது. பெரிய ரோஷக்காரன் மாதிரி உங்க முன்னாடி நிக்கிறேன், ஆனா என் ரோஷம் போர்த்தண்ணியோடதான் மேல வந்துச்சு. அதுவும் எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் என்ன பாக்குறீங்க? பிரபுவையா? பரிமாறுற ஆளுங்களுக்கு அவன்தான் தலை. வாளியெல்லாம் ரெடியாத்தான் இருக்கு, பாருங்க, ஆவி பறக்குது. ஏய் தம்பின்னா வர மாட்டான் மச்சான், கூப்புடாதீங்க. நான் சொல்லி வச்சிருக்கேன். நான் கை காட்டுனாத்தான் உங்க இலைக்குச் சோறு.

உக்காருங்க. கை நடுங்குதுல்ல, எந்திரிச்சா தலை சுத்தும். வேர்த்துருச்சே, இந்தாங்க துண்டு. சாவ விட மாட்டேன், பயப்படாதீங்க. சட்டப் பையில மிட்டாயி இருக்கு. அதுவும் மோகனா குடுத்ததுதான், மாமாவுக்கு வேர்த்தா ஒடனே குடுங்கப்பான்னு. அவளுக்கு மட்டும் நான் இங்க செய்யிற காரியம் தெரிஞ்சா, இந்தக் கல்யாணக் கோலத்தோட ஓடியாந்து என்னத் தள்ளிவிட்டுட்டு உங்களுக்கு ஊட்டுவா. அதான் கதவு. இது எனக்காக மச்சான், அவளுக்காக இல்ல. அவ பேரச் சொல்லி என் ஆத்திரத்தத் தீத்துக்குறேன்.

இந்த மொதப் பந்தி யாருக்குன்னு கேக்கலியே? அவ சொல்லிட்டா. மேளக்காரங்க, ஃபோட்டோ எடுக்குற பசங்க, சமையக்கட்டுல காய் நறுக்குன அம்மாங்க, அவகூட மேக்கப்புக்கு வர்ற பொண்ணுங்க, இவங்கதான் மொதப் பந்தி. மாப்பிள்ளை வீட்டுல சரின்னுட்டாங்க, அவங்கல்லாம் ரெண்டாவது. உங்களுக்கு அந்தாண்ட இலை ராமாயிக்கு. மண்டபம் கூட்டுற பொம்பள. இந்தாண்ட இலை மாட்டுக்குத் தீனி போடுற கனகாவுக்கு. நடுவுல நீங்க. முகஞ்சுளிக்காதீங்க, அவங்க வந்து உக்காரும்போது பாத்துறப் போறாங்க.

வெளிய சத்தம் கேக்குது, வர்றாங்க போலருக்கு. அப்ப சுருக்கச் சொல்லிடுறேன். எட்டு வருஷமா ஏத்துக்கவும் முடியாம, தள்ளவும் முடியாம இருந்தேன்னு ஆரம்பத்துல சொன்னேன்ல? அது பொய். சந்தேகமே கெடையாது. நான் பாத்தேன். சாம்பார் ஊத்திப் பெசைஞ்சு மொத வாய எடுக்குறா, நீங்க பின்னாடியிலேருந்து வந்து தோளத் தொட்டுக் குனிஞ்சீங்க. காதுல ஒரு வார்த்த. ஒண்ணே ஒண்ணுதான், நீளமா எதுவும் இல்ல. அவ ஒங்கள நிமிந்து பாத்தா. அப்புறம் அந்தச் சோத்த அப்படியே உள்ளங்கையில மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போனா. கை கழுவுற எடம் வரைக்கும் அந்தக் கைய விரிக்கல. நான் குனிஞ்சு என் சோத்தத் தின்னேன். ரசம் வாங்கினேன், மோரு வாங்கினேன். அதுக்கப்புறந்தான் மோகனா எங்க மச்சான்னு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி உங்களக் கேட்டேன்.

ஃபோன் வந்துச்சுன்னீங்க. காலையில கீழ விழுந்தப்ப அவ ஃபோனு ஒடைஞ்சு செத்துப் போச்சு. நௌஷாத் கடையில குடுத்துப் பாருங்கப்பான்னு எங்கிட்ட குடுத்திருந்தா. நீங்க அதச் சொல்லும்போது அது என் சட்டப் பையில இருந்துச்சு மச்சான். சரிங்க மச்சான்னு சொல்லிட்டு நான் பாயசத்துக்கு இலையில எடம் ஒதுக்குனேன்.

கதவத் தட்டுறாங்க. தொறந்துடுறேன். பிரபுவுக்கும் கை காட்டிடுறேன், வயிறு நெறைய சாப்புடுங்க. அவகிட்ட நான் கேக்க மாட்டேன், அவ சொல்லவும் மாட்டா. அந்த வார்த்த தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான். குனிஞ்சு அவ காதுல என்ன சொன்னீங்க?