பத்திரப் பை

"ஷெல் வருது! பங்கருக்குள்ள இறங்குங்கோ!"

கத்துவது என் கணவர். காலை ஆறு பத்து. தூரத்தில் ஒரு டும். பிறகு விசில். பிறகு தரை அதிர்கிறது. மகள் அவர் தோளில். நாலு வயது. பதுங்குகுழி ஆறே எட்டுத் தூரம். நான் இறங்கவில்லை. வீட்டுக்குள் திரும்பி ஓடினேன். பத்திரப் பை உள்ளே இருந்தது.

வன்னியில் எல்லா வீட்டிலும் அந்தப் பை கதவோரம் தொங்கும். பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, அடையாள அட்டை. அவை இல்லாதவரைச் சோதனைச் சாவடியில் இறக்கிக்கொண்டு போவார்கள். போனவர் திரும்பியதில்லை. தாள் இருந்தால்தான் ஆள். அப்படி ஒரு நாடு.

அது குண்டு விழுந்து உடைந்த நாடு என்கிறார்கள். பொய். அரசாங்கம் எங்களுக்குச் சிங்களத்தில் கடிதம் அனுப்பிய அன்றே உடைந்துவிட்டது. பிறகு தபால் நின்றது. மருந்து நின்றது. கிராம அலுவலர் முத்திரையோடு போய்விட்டார். அந்த இடத்துக்குத் துப்பாக்கியோடு எங்கள் இயக்கத்துப் பிள்ளைகளே வந்தார்கள். அவர்களும் வரி கேட்டார்கள். சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டார்கள். நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

பையைத் தோளில் மாட்டினேன். வாசலில் கால் வைத்தேன். இந்த முறை விசில் கேட்கவில்லை. பதுங்குகுழி இருந்த இடத்தில் புகை.

படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தேன். பையும் வந்தது.

2004. சேரப்பணஞ்சேரியில் வாடகை அறை. ஒரகடத்தில், கார் உதிரிபாகக் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டரின் மேசை. வேலை கிடைக்காவிட்டால் அறையும் இல்லை. பையை அவிழ்க்கிறேன். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்புகிறார்.

"இன்னாம்மா எழுத்து இது? ஜிலேபி சுத்தின மாதிரி கீது."

"முத்திரையைப் பாருங்கோ ஐயா. அரசாங்க முத்திரை."

"எந்த அரசாங்கம்? இதெல்லாம் இங்க செல்லாதும்மா. ரேஷன் கார்டு இருந்தா எடுத்துக்கினு வா."

வெளியே ஷிப்ட் சங்கு அலறுகிறது.

"படுங்கோ! படுங்கோ!"

கத்தியது நான்தான். மேசைக்கடியில் கிடக்கிறேன். வரிசையில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். பை என் நெஞ்சோடு இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளையை அல்லவா இப்படிப் பிடித்திருக்க வேண்டும், பாவி நான்! பையை அங்கேயே கொளுத்திவிடலாம் போல ஆத்திரம் வந்தது. கொளுத்தவில்லை. என் மகளின் பெயர் எழுதிய ஒரே தாள் அதற்குள்தான் இருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள், நான் இழந்த கணக்கை. கணவர் ஒருவர். மகள் ஒருத்தி. வீடு ஒன்று. நாட்டை நான் சேர்க்கவில்லை, அது எங்களுக்கு இருந்ததா என்றே தெரியாது. மிஞ்சியவை தாள்கள் ஐந்து. ஐந்தும் பத்திரமாக இருக்கின்றன.